லொஃப்ட் கணக்கில் பக்கத்து வீடு

தம்பி,

கூரைக்க அறை கட்ட எண்டு நீ அனுப்பின லொஃப்ட் கணக்கு வந்தது. போனில பார்க்க ஒரு எழுத்தும் தெரியேல்லை எண்டு அப்பா லைப்ரரிக்குப் போய்ப் பெரிசாப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தவர். ரெண்டு நாளா அதைக் குசினி மேசையில விரிச்சு வைச்சுக்கொண்டு கண்ணாடியும் பேனையுமா இருக்கிறார். எனக்கு வெங்காயம் வெட்டவும் இடமில்லை. உண்மையைச் சொல்லுறன் ராசா, எனக்கு அலுத்துப்போச்சு. இந்த வீட்டை இன்னொருக்கா உடைச்சுக் கட்டுறதை நினைக்கவே மேலெல்லாம் நோகுது. போனில சொல்லுவம் எண்டால் நீ "ஐ நோ அம்மா, ஐ நோ" எண்டு ரெண்டு தரம் சொல்லிப்போட்டு வைச்சிடுவாய். அதாலதான் இருந்து எழுதுறன். தமிழ் வாசிக்க உனக்கு நேரமெடுக்கும். எடுக்கட்டும். விளங்காத இடத்தில ஷாமினியைக் கேள், உன்ர மனுசி உன்னைவிட வடிவா வாசிப்பா.

உங்கட நிலைமை எனக்குத் தெரியாமலில்லை. குரோய்டனில ஒரு அறை பிளாட். கட்டில், சின்னக்குட்டியின்ர தொட்டில், ஷாமினி வேலை செய்யிற மேசை எல்லாம் அந்த ஒரு அறைக்குள்ளதான். பிள்ளைக்கு ரெண்டு வயசாகுது, ஓட இடமில்லாமல் கட்டிலைச் சுத்திச் சுத்தி ஓடுறாள். நீ குரோய்டனில இடம் பார்த்திட்டன் எண்டு சொன்ன அண்டைக்கு, "குரோய்டனோ?" எண்டு நான் ரெண்டு தரம் கேட்டனான். நானும் அப்பாவும் இந்த நாட்டுக்கு வந்த புதுசில குரோய்டன் எண்டால் இமிகிரேசன்காரரின்ர அந்தப் பெரிய கட்டிடம் மட்டும்தான். விடியக்காத்தாலை குளிருக்க லைனில நிண்டு, உள்ளுக்க போய் நம்பர் எடுத்துக்கொண்டு, எங்களை இருக்க விடுவாங்களோ திருப்பி அனுப்புவாங்களோ எண்டு பார்த்துக்கொண்டு இருந்த இடம். அந்த இடத்துக்குப் போய் என்ர பெடியன் ஆசைப்பட்டு வாடகை குடுத்து இருப்பான் எண்டு ஆர் கண்டது? உனக்கு அது டிராமும் ரெயினும் ஓடுற ஒரு ஊர், அவ்வளவுதான். அது நல்லதுதான், அப்பிடித்தான் இருக்கவும் வேணும்.

இப்ப நீங்கள் மூண்டு பேரும் ஃபாரஸ்ட் கேட்டுக்கு எங்களோடயே வந்து, கூரைக்க ஒரு பெரிய அறையும் ஒரு பாத்ரூமும் கட்டி இருக்கப்போறியள் எண்டு சொன்னனீ. எனக்குச் சந்தோசம்தான். காசுக் கணக்கையும் நீ ஒளிக்கேல்லை. நீயும் ஷாமினியும் சேர்த்தது அம்பது, அப்பாவின்ர பென்சனில ஒரேயடியா வந்தது இருபது, ஷாமினியின்ர அப்பா தாறன் எண்டது பத்து. எண்பதாயிரம் பவுண். அதுக்கு மேல ஒரு சதமும் இல்லை. ஆனால் அடியில மஞ்சள் அடிச்சு நீ போட்டிருக்கிற கூட்டுத்தொகை எண்பத்துமூண்டு. அதுக்குக் கீழ இங்கிலீசில ஒரு வரி. எண்பதுக்கு மேல போனால் பீற்றர்பரோவில வீடு வாங்கிறதுதான் புத்தி எண்டு. அப்பா அந்த வரியை எனக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டு எழும்பித் தோட்டத்துக்க போட்டார். சின்னக்குட்டி பீற்றர்பரோவுக்குப் போனால் அவளைக் கிறிஸ்மசுக்கும் பிறந்தநாளுக்கும் பார்க்கலாம், மற்றும்படி போனிலதான். நான் நடிக்கேல்லை தம்பி, எனக்கு அது வேண்டாம். எனக்கு அவள் இந்தப் படியில இருந்து விழுந்து எழும்பி வளரவேணும்.

அப்பா உன்ர கணக்கைத் தும்பு தும்பாப் பிரிச்சுப் பார்த்தவர். பெற்றோல் ஸ்டேசனில கல்லாப்பெட்டிக்கு முன்னால இருந்தே தலை நரைச்ச மனுசன், அவரிட்ட ஒரு பென்ஸ் தப்பாது. பாத்ரூம் டைல்சை நீ ரெண்டு தரம் கூட்டியிருக்கிறாயாம். வீடு மூண்டு தட்டானால் கீழ உள்ள கதவெல்லாம் நெருப்புத் தாங்கிற கதவா மாத்தவேணும், அதில ரெண்டு கதவை விட்டிட்டாயாம். குப்பை அள்ளுற ஸ்கிப்பை றோட்டில வைக்கிறதெண்டால் கவுன்சிலுக்குக் காசு கட்டவேணும், அது இல்லையாம். பழைய பொய்லர் மேல தண்ணி தள்ளாதாம். பிழையையும் விட்டதையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்தால் திரும்பவும் அந்த எண்பத்துமூண்டிலதான் வந்து நிக்குது எண்டார். இன்னொண்டு, அப்பா காணாதது, நான் கண்டது. மேல ஏறுற புதுப்படி சாமி அறைக்குள்ளால போகுது. சாமியை எங்க வைக்கிறது எண்டு உன்ர கணக்கில இல்லை. அதுக்குக் காசு தேவையில்லை, ஆனால் இடம் வேணும். யோசிச்சு வை.

நான் எழுதவந்தது அதில்லை. உன்ர கணக்கில ரெண்டு வரி என்னைச் சுட்டுப்போட்டுது. ஒண்டு, பக்கத்து வீட்டோட உள்ள பொதுச் சுவரைப் பார்த்து எழுதித்தாற ரெண்டு சேவையர் வைக்க நாலாயிரத்து ஐநூறு. அதுக்குப் பக்கத்தில "நெக்ஸ்ட் டோர் நொட் ரெஸ்பொண்டிங்" எண்டு எழுதியிருக்கிறாய். மற்றது, இடிக்கிற ரெண்டு மாசமும் தூசிக்கு எனக்கு மூச்சிழுப்பு வரும் எண்டு, நானும் அப்பாவும் இருக்கிறதுக்குக் குட்மேய்ஸில ஒரு அறை, மூவாயிரம். அந்த ரெண்டாவதுக்கு உன்னை நான் குறை சொல்லேல்லை. அம்மாவின்ர நெஞ்சை நினைச்சுக் காசு ஒதுக்கிற பிள்ளையைப் பெத்ததுக்கு நான் சந்தோசப்படவேணும். ஆனால் முதலாவது வரி உன்ர பிழையில்லை. அது என்ர பிழை, நீ அதுக்குக் காசு போட்டிருக்கிறாய்.

லொஃப்ட் கட்டவெண்டு நீ பிடிச்ச குகன் கூரைக்க ஏறிப் பார்த்த அண்டைக்கு நீ வேலைக்குப் போட்டாய். சுவிசில கனகாலம் தச்சுவேலை செய்துபோட்டு இஞ்ச வந்த பெடியன், வாயால சொன்னால் நம்பமாட்டான், எல்லாத்துக்கும் படம் எடுப்பான். இறங்கி வந்து போனை என்னட்டை நீட்டினவன். "அன்ரி, மேல சுவர் இல்லை" எண்டான். எனக்கு விளங்கேல்லை. கீழ ரெண்டு வீட்டுக்கும் நடுவில சுவர் இருக்கு, ஆனால் கூரைக்க அது அரைவாசியில நிண்டிட்டுது. அந்தக் காலத்தில கட்டினவங்கள் கல்லை மிச்சம் பிடிச்சிருக்கிறாங்கள். படத்தில பக்கத்து வீட்டுச் சாமான் அப்பிடியே தெரியுது. ரெண்டு சூட்கேஸ், கயிறு கட்டின ஒரு பெட்டி, சுருட்டி வைச்ச ஒரு பாய். இத்தனை வருசமா அவையின்ர சாமானுக்கும் எங்கட சாமானுக்கும் நடுவில வெறும் காத்துத்தான் இருந்திருக்கு. இனி அந்தச் சுவரை முகடு மட்டும் எழுப்பவேணும், உன்ர இரும்பு பீமும் அந்தச் சுவரிலதான் குந்தப்போகுது, அதுக்கு அவையின்ர சம்மதம் வேணும் எண்டு குகன் சொன்னவன். எழுத்தில ஓம் எண்டால் ஒரு செலவுமில்லை. பேசாமல் இருந்தால் மறுத்த மாதிரி, பிறகு ரெண்டு பக்கத்துக்கும் ஆள் வைச்சு நாங்கள்தான் காசு கட்டவேணும்.

நீ என்ன செய்தனீ? அவையிட்டச் சம்மதம் கேக்கிற நோட்டீசை அடிச்சு, கையெழுத்துப் போடுற இடத்தில மஞ்சள் துண்டு ஒட்டி, எனக்கும் அப்பாவுக்கும் நீட்டினனீ. நாங்களும் போட்டுத் தந்தனாங்கள். நீ கையில கொண்டுபோய்க் குடுப்பாய் எண்டு நான் நினைச்சன். நீ குரோய்டனில இருந்து ரெக்கோர்டட் தபாலில அனுப்பியிருக்கிறாய். எங்கட வாசலுக்கும் அவையின்ர வாசலுக்கும் நடுவில ஒரு ரோசாச்செடி நிக்குது, அவ்வளவுதான் தூரம். அந்தக் கடிதம் லண்டனைச் சுத்தி வந்து அந்தக் கதவுக்குள்ளால விழுந்திருக்கு. ரெண்டு கிழமை போச்சு, பதிலில்லை. நீ "ரூட்" எண்டு, மரியாதை தெரியாத ஆக்கள் எண்டு ஒரு சொல்லுச் சொன்னனீ. அது எனக்குப் பொறுக்கேல்லை. பக்கத்து வீட்டு ராணி அக்காவை நீ அப்பிடிச் சொல்லக்கூடாது, அவ ஆரெண்டு உனக்குத் தெரியும்.

நான் கேக் பக்ரறியில பின்னேர ஷிப்ட் செய்யேக்க பள்ளிக்கூடம் விட்டு உன்னையும் உன்ர அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தது ராணி அக்காதான். வெங்காயம் பச்சைமிளகாய் இல்லாமல் உனக்கெண்டு தனியா முட்டை பொரிச்சவ. எங்கட வீட்டுக்கு முதல் ஃபிரிஜ் வந்த அண்டைக்கு அதைத் தோளில தூக்கி உள்ளுக்க வைச்சது அவவின்ர மனுசன், தேவன் அண்ணை. அவருக்கு முதுகு பிடிச்சு மூண்டு நாள் படுத்தவர், எங்களுக்குச் சொல்லவே இல்லை. அவையின்ர மகள் கனடாவுக்குப் போனாப்பிறகு உன்னையும் அக்காவையும்தான் பிள்ளைகள் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவை. பிறகு ஒருநாள் கதை பேச்சு நிண்டுபோச்சு. நீ அப்ப யூனிவேசிட்டிக்குப் போன புதுசு. "ஏன் அம்மா அவை எங்களோட கதைக்கிறேல்லை?" எண்டு நீ கேட்டனீ. "பெரிய ஆக்களின்ர விசயம்" எண்டு நான் வாயை மூடப்பண்ணினனான். இப்ப நீயும் பெரிய ஆள்தானே, கேள்.

உன்ர அக்காவின்ர கலியாணம். எங்கட சனத்துக்குக் கலியாணம் சொல்லுறதெண்டால் என்னெண்டு உனக்கு உன்ர கலியாணத்தில தெரிஞ்சிருக்கும். புருசனும் பெண்சாதியும் சேர்ந்து, உடுத்து, வீட்டுக்குப் போய், கார்ட்டைக் கையில குடுத்து, "கட்டாயம் வரவேணும்" எண்டு வாயால சொல்லி, அந்த வீட்டில ஒரு வாய் தேத்தண்ணி எண்டாலும் குடிச்சிட்டு வரவேணும். தபாலில போட்டால் அது சொல்லாததைவிடக் கேவலம். சனி ஞாயிறு, சனி ஞாயிறு எண்டு நாங்கள் ஓடித் திரிஞ்சம். சவுத்ஹோல், ஹரோ, லூட்டன். ஒவ்வொரு வீட்டிலயும் தேத்தண்ணி, வடை, "இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ." வயித்துக்கும் ஏலாது, காலுக்கும் ஏலாது. பக்கத்து வீடுதானே, எப்பவும் சொல்லலாம் எண்டு கடைசியா வைச்சம். அதுதான் நான் விட்ட பிழை. கிட்ட இருக்கிற ஆக்களைக் கடைசியா வைக்கிறது.

கடைசி ஞாயிறு லூட்டனால திரும்பி வரேக்க பொழுதுபட்டுப்போச்சு. அவையின்ர ஹோலில லைற் எரிஞ்சுது. அப்பா காரால இறங்கி, வாசலில சப்பாத்தும் கழட்டாமல் நிண்டுகொண்டு, "வாரும், ஒரு நடை போய்ச் சொல்லிப்போட்டு வருவம்" எண்டார். நான் செருப்பைக் கழட்டி எறிஞ்சிட்டு, "என்னால ஏலாது, நாளைக்குப் பார்ப்பம்" எண்டன். நாளைக்கு எனக்கு விடிய அஞ்சு மணி ஷிப்ட். அந்த நேரம் ஆரும் கதவைத் தட்டேலுமே? கலியாணத்துக்கு நாலைஞ்சு நாள்தான் கிடந்தது, மண்டபம், பூ, சமையல்காரர் எண்டு தலை முழுக்க வேற யோசனை. வேலைக்குப் போற வழியில கார்ட்டை அவையின்ர கதவுத் துவாரத்துக்குள்ளால போட்டிட்டுப் போட்டன். குங்குமம் வைச்சு, பேரெழுதி, வடிவாத்தான் போட்டனான். பின்னேரம் வந்து வாயாலயும் சொல்லுவம் எண்டுதான் நினைச்சனான். பின்னேரம் வந்து நித்திரையாப் போனன்.

அவை கலியாணத்துக்கு வரேல்லை. எனக்கு முதலில விளங்கேல்லை, விளங்கினாப்பிறகு கோவம் வந்தது. என்ர குணம் உனக்குத் தெரியும்தானே. பிழை என்னில எண்டு தெரிஞ்சால்தான் எனக்கு இன்னும் கூடக் கோவம் வரும். "நான் என்ன கொலையே செய்தனான், ஒரு கார்ட்டுக்கு இவ்வளவு ரோசமோ" எண்டு அப்பாவோட சத்தம் போட்டனான். சுவருக்கால கேட்டிருக்கும். கேக்கட்டும் எண்டுதான் போட்டனான். அவ கேப்பா எண்டு நான் இருந்தன், நான் போவன் எண்டு அவ இருந்திருப்பா. அப்பிடியே வருசம் ஓடிப்போச்சு.

பிறகு தேவன் அண்ணை செத்தார். மத்தியானம் அம்புலன்ஸ் வந்தது, கொஞ்ச நேரத்தில ராணி அக்கா குழறின சத்தம் எங்கட குசினிக்க கேட்டது. கலியாண வீட்டுக்குத்தான் சொல்லவேணும். செத்த வீட்டுக்கு ஆரும் சொல்லத் தேவையில்லை, பகையெண்டாலும் போறதுதான் எங்கட முறை. அந்த வீட்டில அடுப்பு மூட்டமாட்டினம், அயலட்டைதான் சமைச்சுக் குடுக்கவேணும். நான் சமைச்சனான் தம்பி. பெரிய சட்டி நிறையச் சோறும் பருப்பும் கத்தரிக்காயும். சமைச்சு வைச்சிட்டு, கொண்டுபோனால் வாங்குவினமோ, சனத்துக்கு முன்னால முகத்தைத் திருப்புவினமோ எண்டு பயந்து இருந்திட்டன். அப்பா மட்டும் போய் வாசலில நிண்டிட்டு வந்தவர். நீ பின்னேரம் வந்து, "என்ன அம்மா இவ்வளவு சோறு?" எண்டு கேட்டுப்போட்டு ரெண்டு கோப்பை சாப்பிட்டனீ. எரிக்கிற இடத்துக்கு நான் போனனான், ஆனால் சனத்துக்குப் பின்னால நிண்டனான். பெட்டியில அண்ணையின்ர முகம் எனக்கு வடிவாத் தெரியேல்லை. நீலச் சேட்டின்ர கொலர் மட்டும்தான் தெரிஞ்சது. அக்கா என்னைக் காணேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு திரும்பி வந்திட்டன்.

இதெல்லாம் உன்ர கணக்கில எந்த வரிக்குள்ள வரும் எண்டு எனக்குத் தெரியாது. ஒண்டு தெரியும். காசில்லாமல் நான் செய்த பிழையை விட, களைச்சுப்போய்ச் செய்த பிழைதான் எனக்குக் கூடச் செலவு வைச்சிருக்கு. நீயும் ஷாமினியும் பிள்ளையைப் படுக்கப்போட்டிட்டு, கண் சொருகச் சொருக இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறியள். அதாலதான் டைல்ஸ் ரெண்டு தரம் வந்திருக்கு. அதாலதான் நடந்துபோய்க் குடுக்கவேண்டியதைத் தபாலில போட்டிருக்கிறாய். என்ர பிள்ளைதானே, வேற எப்பிடி இருக்கும்?

முந்தநாள் முழுக்க அந்த நாலாயிரத்து ஐநூறையே பார்த்துக்கொண்டிருந்தன். நேற்றுப் பின்னேரம் வாழைப்பழம் ஒரு சீப்பும் பிஸ்கட் பெட்டியும் எடுத்துப் பையில வைச்சன். அப்பாவுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. திரும்பிப் பார்த்தால் மனுசன் தலை வாரி இழுத்து, நல்ல சுவெற்றர் போட்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலில நிக்கிறார். "போவம்" எண்டார். அவையின்ர பெல்லை அமத்தினன், சத்தமில்லை. அமத்திப்போட்டு நிண்டுகொண்டிருந்தம். திரும்பிப் போவமோ எண்டு எனக்கு ஒரு நினைப்பு வந்தது, பொய் சொல்லேல்லை. அப்பா கையை நீட்டித் தட்டினார்.

ராணி அக்கா திறந்தா. நல்லா மெலிஞ்சுபோனா, தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்தா, அப்பாவைப் பார்த்தா, கையில இருந்த பையைப் பார்த்தா.

"பேப்பருக்கோ?" எண்டு கேட்டா.

"ஓம் அக்கா. பேப்பருக்கும்தான்" எண்டன்.

"உள்ளுக்க வாங்கோ. வாசலில நிண்டு கதைக்கிற கதையில்லை."

உன்ர நோட்டீஸ் மேசையில கிடந்தது. கிழிக்கவுமில்லை, எறியவுமில்லை, மேல அவவின்ர கண்ணாடி கிடந்தது. "குரோய்டனில இருந்து வந்திருக்கு" எண்டா. "பக்கத்து வீட்டுக்காரர் என்னோட கதைக்கிறதுக்குக் குரோய்டனுக்குப் போய்த் திரும்ப வேண்டிக் கிடக்கு." அப்பாவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. எனக்கு வரேல்லை. "அண்டைக்கும் பேப்பர்தான் வந்தது" எண்டு அவ மெதுவாச் சொன்னா.

பிறகு அவ சொன்னதை அப்பிடியே எழுதுறன். "நீங்கள் சனி ஞாயிறு வெளிக்கிடேக்க கார்க் கதவுச் சத்தம் கேக்கும். பின்னேரம் திரும்பி வரேக்கயும் கேக்கும். என்ர மனுசன் உடன சாரத்தை மாத்தி லோங்ஸைப் போட்டுக்கொண்டு, ஹோல் லைற்றையும் போட்டிட்டு வந்து இருப்பார். இண்டைக்கு வருவினம் எண்டுவார். நான் பேசுவன், பசிக்குது, சாப்பிடுவம் எண்டு. கொஞ்சம் பொறும் எண்டுவார். பிள்ளையின்ர கலியாணத்துக்கெண்டு கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் போய் நீலச் சேட்டு ஒண்டு வாங்கினவர். பிறகு அதைப் போடவே இல்லை. மடிப்புக் குலையாமல் அலுமாரிக்க கிடந்தது. கடைசியில அதைத்தான் அவருக்குப் போட்டுவிட்டனான்."

நான் அந்தக் கொலரைக் கண்டனான் தம்பி. இவ்வளவு காலமும் அது ஏதோ ஒரு சேட்டு எண்டு நினைச்சுக்கொண்டிருந்திட்டன். எனக்கு அழுகை வந்திட்டுது, அடக்கவும் பார்க்கேல்லை. எங்கட ஆக்களுக்கு வாயால மன்னிப்புக் கேக்கிற பழக்கமில்லை, எனக்கு அறவே இல்லை. எண்டாலும் கேட்டன். "நான் அண்டைக்குக் களைச்சுப்போனன் அக்கா" எண்டன். "களைப்பு எங்களுக்கும்தான் இருந்தது" எண்டா அவ. அவ எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தா. அப்பாவுக்குச் சீனி இல்லாமல் வேணும் எண்டதை மறக்கேல்லை. சோறு சமைச்சு வைச்ச கதையையும் சொன்னன். "வாசம் வந்தது" எண்டா.

கையெழுத்து இன்னும் போடேல்லை. நான் கேக்கவுமில்லை. போகேக்க அவவாச் சொன்னா. "பெடியனை வரச் சொல்லும். நான் முட்டை பொரிச்சுக் குடுத்த பெடியன் எனக்குத் தபால்காரனை அனுப்புறான். அவன் வந்து தன்ர வாயால கேக்கட்டும். பிறகு நான் ஓம் எண்டுறதோ இல்லை எண்டுறதோ எண்டு யோசிக்கிறன்." யோசிச்சு இல்லை எண்டு சொன்னாலும் நீ கோவிக்கக்கூடாது, அது அவவின்ர உரிமை. அதால அந்த நாலாயிரத்து ஐநூறை இப்ப வெட்டாதை. அப்பிடியே கிடக்கட்டும்.

ஆனால் மற்ற வரியை, அந்த மூவாயிரத்தை வெட்டு. வாசல் மட்டும் வந்து எங்களை அனுப்பேக்க, "இடிக்கிற நேரம் எங்க இருக்கப்போறீர்?" எண்டு அக்கா கேட்டா. குட்மேய்ஸில அறை எடுக்கப்போறம் எண்டன். "உமக்கென்ன விசரே?" எண்டா. "ராவில நீர் இழுக்கிற சத்தம் இத்தனை வருசமா சுவருக்கால கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறன். கேக்காட்டில்தான் எனக்குப் பயம் வரும். என்ர முன்னறை சும்மாதான் கிடக்கு, ரெண்டு பேரும் இஞ்ச வந்து இருங்கோ." கையெழுத்துப் போடாத மனுசி, தம்பி. சுவரைத் தொட விடுவாவோ தெரியாது, இடிச்சால் நான் எங்க இருப்பன் எண்டு அதுக்கு முதலே யோசிச்சு வைச்சிருக்கிறா. அப்பாதான் ஓம் எண்டு சொன்னவர்.

சனிக்கிழமை ஷாமினியையும் சின்னக்குட்டியையும் கூட்டிக்கொண்டு வா. பேப்பர் ஒண்டும் கொண்டுவராதை, வெறுங்கையோடயும் வராதை. எங்கட வீட்டுக்கு வர முதல் அங்க போ. தேத்தண்ணி தந்தால் முழுக்கக் குடி. லொஃப்ட் கதையை அவவா எடுக்கும் மட்டும் நீ எடுக்காதை. பெல் வேலை செய்யாது, கையால தட்டு.

அம்மா